கடைசியாகத் தேறியவன்

தளவாய்க்கு நாற்பத்தொரு வயது நிறைந்த அன்றும் அவன் அம்மா பேராச்சிதான் அவனுக்குத் தலை வாரிவிட்டாள். முன்வழுக்கை தெரியாதபடி இடப்பக்கத்து முடியைக் கொஞ்சம் இழுத்துவிட்டாள். கட்டம் போட்ட சீருடைச் சட்டையின் காலரை நிமிர்த்தினாள். டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தாள்.

"பாசி இட்லி வச்சிருக்கேன். கண்டவனுக்கும் குடுத்துட்டு நீ பட்டினி கெடக்காதல," என்றாள்.

"சரிம்மா."

வாசல் கதவு அவன் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருந்த சில்லைப் படித்தது. "மாணவரே, வணக்கம். மாலை ஆறு மணிக்குள் வீடு திரும்பவும்," என்று சொல்லிவிட்டுத் திறந்தது.

தெருவில் அதே கட்டம் போட்ட சட்டையுடன் பலர் போய்க்கொண்டிருந்தார்கள். துள்ளிக்கொண்டு ஓடிய பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே, மூட்டு வலியோடு மெல்ல நடந்தவர்களும் இருந்தார்கள். ஒருவர் கைத்தடி ஊன்றியிருந்தார். அவர் பேரன் முறை வரும் பையன் ஒருவன் அவருடைய புத்தகப் பையைச் சுமந்துகொண்டு வந்தான். இருவரும் ஒரே வகுப்பு.

செவ்வாய்க் கோளின் தரைக்கடியில், பழைய எரிமலைக் குழம்பு ஓடி வெறுமையாகிப் போன நீண்ட குகைக்குள் இருந்தது பொருநைக் குடியிருப்பு. அங்கே இந்தக் காட்சியை யாரும் நின்று பார்ப்பதில்லை. நிறைவுத் தேர்வில் தேறாதவர் பள்ளியை விட்டுப் போக முடியாது. பள்ளியை விட்டுப் போகாதவர் பெரியவர் ஆக முடியாது. பெரியவர் ஆகாதவருக்கு வேலை கிடையாது, வாக்கு கிடையாது, கல்யாணம் கிடையாது. தேறாதவர்களை வெளியே தள்ளாமல் கடைசிவரை வைத்துப் படிக்கவைப்பது பள்ளியின் பெருமை. உடம்பின் தேய்மானத்தைச் சரிசெய்யும் மருத்துவம் வந்துவிட்டதால் மனிதர்கள் நூற்றிருபது வயதுவரை சாதாரணமாக வாழ்ந்தார்கள். எனவே பள்ளிக்கு அவசரமும் இல்லை.

தேர்வைத் தொடங்கியவர்கள் கெட்டவர்கள் அல்லர். குடியேறிய முதல் தலைமுறையில் ஒருவன், தலைக்குள் இருந்த உள்துணை தவறாகச் சொன்னதைக் கேட்டு, மூட வேண்டிய காற்றுக்குழாயைத் திறந்துவிட்டான். ஒரு தெருவே தூக்கத்தில் இறந்துபோனது. பிறந்த மறுமாதமே எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் பொருத்தப்படும் கருவிதான் உள்துணை. கேட்டதையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கும். அது இல்லாமலும் தன் மூளையால் நாலு விஷயம் தெரிந்தவனே பெரியவன் என்று மிச்சமிருந்தவர்கள் அழுதுகொண்டே சட்டம் போட்டார்கள். மௌன அறை என்று ஒன்றைக் கட்டினார்கள். அதற்குள் நுழைந்தால் உள்துணை அணைந்துவிடும். மூன்று மணி நேரம் சொந்தப் புத்தியில் எழுத வேண்டும்.

பிறகு காற்றைக் கவனிக்கும் வேலையை எந்திரங்கள் எடுத்துக்கொண்டன. தேர்வு மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. அதிகம் பேர் தேறினால் தரம் குறைந்துவிட்டது என்று மன்றம் கவலைப்பட்டுக் கேள்வியைக் கடினமாக்கியது. தளவாய் காலத்தில், எப்போதோ உருக்கப்பட்டுவிட்ட பம்பின் திருகு மறைகள் எந்தப் பக்கம் திரும்பும், முதல் கப்பலில் வந்த விதைகளின் பெயர் என்ன என்றெல்லாம் கேட்டார்கள்.

அன்று வகுப்பில் கடைசி பெஞ்சில் அவன் உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த சண்முகவடிவு அவன் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு இட்லியை எடுத்துக்கொண்டாள்.

"பெறந்த நாளு அன்னைக்கும் பாசி இட்லிதானா? ஒங்கம்மாவுக்கு வேற ஒண்ணும் செய்யத் தெரியாதா?"

"மெதுவாப் பேசு. டீச்சர் பாக்காவ."

டீச்சர் ஜெபராணிக்கு இருபத்துநாலு வயது. ஏழு வருடத்துக்கு முன்னால் இதே அறையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து தளவாயிடம் அழிரப்பர் கடன் கேட்டவள். வெளியே பார்த்தால் "தளவாய் அண்ணே" என்பாள். உள்ளே, "தளவாய், எந்திரிங்க. பதில் தெரியாட்டா நிக்கணும்."

வடிவுக்கு முப்பத்தொன்பது வயது. பாடம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். தளவாய்க்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். பம்பின் மறையைக்கூடப் பாட்டாகக் கட்டி அவன் காதில் முணுமுணுப்பாள். ஆனால் மௌன அறைக்குள் கால் வைத்ததும் அவள் ஒடிந்துவிடுவாள். கைக்குழந்தைப் பருவத்திலிருந்து தலைக்குள் பேசிக்கொண்டிருந்த குரல் சட்டென்று நின்றதும், வீட்டில் யாரோ செத்துப்போனது மாதிரி இருக்கும் அவளுக்கு. விரல்கள் நடுங்கும். வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, வந்த வேகத்தில் எல்லா விடையையும் தளவாயிடம் ஒப்பிப்பாள்.

இருவரும் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கிப் பல வருடமாகிவிட்டது. மாணவர்கள் கல்யாணம் செய்ய முடியாது என்பதால் அந்தப் பேச்சை ஒவ்வொரு தேர்வுக்கும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வடிவுக்குப் பொறுப்பான பெரியவர் அவள் தம்பி கைலாசம். பதினேழு வயதில் தேறியவன்.

"என் தம்பி பொண்டாட்டி சரின்னு சொன்னாத்தான் எனக்குப் பல்லு புடுங்குவாங்க, தெரியுமா?" என்று சொல்லி ஒருநாள் சிரித்தாள். அன்று அவள் கன்னம் வீங்கியிருந்தது. தம்பி மனைவி ஊரில் இல்லை.

அந்த வருடம் வகுப்பில் ஒரு சாவு விழுந்தது. கைத்தடியோடு வருவாரே, அவர் பெயர் சிவனணைந்தான். எழுபத்திரண்டு வயது; தேய்மான மருத்துவத்துக்கான வரிசையில் மாணவர்கள் கடைசி. திருப்புதல் வகுப்பில் விதைகளின் பெயரைச் சொல்ல எழுந்து நின்றவர், மூன்றாவது பெயரோடு பெஞ்சின் மேலேயே சாய்ந்தார்.

பொருநையில் இறந்தவர்களை எரிப்பதும் இல்லை, புதைப்பதும் இல்லை. உடலை ஒரு பேழைக்குள் வைத்தால் சில வாரங்களில் அது தோட்டத்துக்கு மண்ணாகிவிடும். பேழைக்கூடத்தில் இருந்த எந்திரம் சிவனணைந்தானின் சில்லைப் படித்துவிட்டு, "மாணவர். சிறார் பேழை," என்றது. ஐந்தடி நீளம்கூட இல்லாத பேழையொன்று தள்ளிக்கொண்டு வந்தது.

"ஐயா பெரிய ஆளுய்யா. உள்ள போகாது," என்றான் தளவாய்.

"மாணவருக்குச் சிறார் பேழை மட்டுமே அனுமதி. முழங்கால்களை மடக்கவும்."

உடம்பு அதற்குள் விறைத்திருந்தது. தளவாய் ஒரு காலையும், அந்தப் பேரன் முறைப் பையன் இன்னொரு காலையும் பிடித்து அழுத்தினார்கள். எலும்பு முறிந்த சத்தம் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. எந்திரம் நன்றி சொல்லி மூடியை அடைத்தது.

வடிவு அன்றைக்கு அழவில்லை. மறுநாள் குடியிருப்பு மன்றம் கூடியபோது பார்வையாளர் மாடத்தில் எழுந்து நின்று பேசத் தொடங்கினாள்.

"பாப்பா, ஒன் பெரியவரைக் கூட்டிட்டு வாம்மா," என்றார் மன்றத் தலைவர் ஆறுமுகநயினார். வடிவைவிட இரண்டு வயது இளையவர் அவர்.

கீழே உட்கார்ந்திருந்த கைலாசம் எழுந்து, "நான் சம்மதிக்கலை, தலைவரே. அவ பேசுதது கணக்குல வராது," என்றான்.

"கணக்குல வரவேண்டாம். காதுல விழுந்தாப் போதும்," என்றாள் வடிவு. "இந்தப் பரீட்சை இல்லாட்டா என்ன ஆயிரும்? காத்து நின்னு போவுமா? தண்ணி நின்னு போவுமா? யாருக்கு என்ன தெரியும்னு இது பாக்கல. யாரக் கீழ வச்சுக்கிடலாம்னு பாக்குது. செத்த மனுசன் கால ஒடிச்சு அடைக்கிற அளவுக்கு என்னய்யா ஒங்களுக்கு எங்க மேல கோவம்?"

மன்றத்தில் விவாதம் நடந்தது. தேர்வு போனால் தரம் போய்விடும் என்றார் ஒருவர். படிக்கிற ஆசையே பிள்ளைகளுக்கு இருக்காது என்றார் மற்றொருவர். நீலநிறச் சேலை கட்டியிருந்த உறுப்பினர் ஒருத்தி மட்டும் மனசில் இருந்ததை அப்படியே சொன்னாள்: "நாங்கள்லாம் மாசக்கணக்கா முழிச்சுப் படிச்சு, வாந்தி எடுத்து எழுதித் தேறுனோம். இவுக சும்மா வந்து எங்க பக்கத்துல உக்காரணுமா?" அதற்குத்தான் கைதட்டல் அதிகம். தளவாய் மாடத்தின் தூணோரம் நின்றிருந்தான். வடிவு அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான். முடிவு தள்ளிவைக்கப்பட்டது.

தேர்வை ஒழித்தது வடிவின் பேச்சு அல்ல. அடுத்த மாதம் குடியிருப்பின் பழைய நீர்ச்சுனை வற்றியது. வெகு ஆழத்தில் உப்பு கலந்த பனிப்பாளம் இருந்தது. அதை வெட்ட அனுப்பிய எந்திரங்களின் மூட்டுகளில் உப்புப் பனி ஏறி அவை வரிசையாக உறைந்து நின்றன. மனிதக் கைகள் வேண்டியிருந்தன. தேறியவர்கள் யாரும் அந்த வேலைக்கு முன்வரவில்லை. மாணவர்களை அனுப்பலாம் என்றால், அவர்கள் சட்டப்படி குழந்தைகள். குழந்தைகளைச் சுரங்கத்துக்கு அனுப்புவது பெருங்குற்றம்.

ஒரு வாரத்துக்குள் நிறைவுத் தேர்வு எவ்வளவு கொடூரமானது என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஆறுமுகநயினார் பேசும்போது சிவனணைந்தான் பெயரைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீலச்சேலை உறுப்பினரும் கை தூக்கினாள். தேர்வு ஒழிந்தது, அடுத்த மாத முதல் தேதியில் மாணவர்கள் அனைவரும் பெரியவர்கள் என்று அறிவித்தார்கள்.

அந்தத் தேதிக்கு முன்பாக ஒரே ஒரு தேர்வு ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது. அதை நடத்தியே தீர வேண்டும் என்றது விதி.

பள்ளி முற்றத்தில், வருடக்கணக்காகத் தேறாமல் இருந்த பழைய மாணவர்கள் எல்லோரும் கூடினார்கள். "ஒருத்தரும் போகக்கூடாது," என்றாள் வடிவு. "தானா தொறக்கப்போற கதவு முன்னால கடைசியா ஒருவாட்டி எதுக்கு மண்டி போடணும்? அந்த மௌன அறை காலியாக் கெடக்கட்டும். அவுக பாக்கட்டும்." எல்லோரும் கை உயர்த்தினார்கள். தளவாயும் உயர்த்தினான். அவள் கேட்காமலேயே, "ஒம்மேல சத்தியமாப் போக மாட்டேன்," என்றான். அவள் வெட்கப்பட்டாள். ஒன்றாம் தேதிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை பதிவு மன்றத்துக்குப் போய்க் கல்யாணத்தை முடித்துக்கொள்வது என்று இருவரும் பேசி வைத்தார்கள்.

தேர்வன்று காலை பேராச்சி அவன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்காக ஒருவாட்டி போயிட்டு வால. தோத்தா என்ன, எப்பமும் தோக்குததுதான. எம்மவன் கடைசிவரைக்கும் எழுதுனான்னு இருக்கட்டும்."

"எம்மா, வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்குத் தெரியப் போவுது?"

உண்மையைச் சொன்னால், விடிந்ததிலிருந்தே அவனுக்கும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. பின்தெரு வழியாகப் போனான்.

மௌன அறையில் பதினேழு வயதுப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். பழைய மாணவர்களின் இருக்கைகள் வரிசை வரிசையாகக் காலி. உள்துணை அணைந்தது. வழக்கமாக அந்த நிமிடத்தில் அவன் தலைக்குள் ஒன்றுமே இருக்காது. அன்று அந்தக் காலியிடத்தில் வடிவின் குரல் கேட்டது. முதல் கேள்வி பம்பின் மறை. பாட்டு தானாக வந்தது. விதைகளின் பெயர்கள், அவள் இட்லி மென்றுகொண்டே சொன்ன அதே வரிசையில் வந்தன. அவன் எழுதிக்கொண்டே போனான். நடுவில் ஒரு தடவை வெட்கமாக இருந்தது. பேனாவை வைத்துவிடலாமா என்று நினைத்தான். வைக்கவில்லை.

தேறிவிட்டான்.

முடிவு வந்த அன்று வாசல் கதவு, "ஐயா, வணக்கம்," என்றது. தளவாய் நின்றான். வெளியே போய்த் திரும்ப வந்தான். "ஐயா, வணக்கம்." பேராச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவன் மறுபடியும் வெளியே போனான், மறுபடியும் வந்தான். அன்று பகல் முழுக்க எதையாவது வாங்கப் போகிற மாதிரிப் போய்ப் போய் வந்தான்.

நிறைவுத் தேர்வில் கடைசியாகத் தேறியவர் என்று குடியிருப்பு முழுக்க அவன் முகத்தைச் சுவர்த்திரைகளில் காட்டினார்கள். நாற்பத்தொரு வயதிலும் மனம் தளராத மாணவர் என்றார்கள். ஆறுமுகநயினார் வீட்டுக்கு வந்து பொன்னாடை போர்த்தினார். நீலச்சேலை உறுப்பினரின் மகள் மீனலோசனிக்கு இன்னும் வரன் அமையவில்லை என்பது பேச்சுவாக்கில் வந்தது.

வடிவு வந்தது ஒன்றாம் தேதிக்குப் பிறகு. சீருடை இல்லாமல், மஞ்சள் சட்டையில் வந்திருந்தாள். கோபத்தைக் கொண்டுவரவில்லை.

"போன்னு சொல்லியிருந்தா நானே அனுப்பியிருப்பேனே," என்றாள். "எதுக்குப் பின்தெருவுல போன?"

"அம்மா அழுதாங்க."

"சரி, விடு. தேறுன ஆளு ஆச்சே, வெள்ளிக்கிழமை நல்ல சட்டையாப் போட்டுட்டு வா. நான் பதிவு மன்றத்துல சொல்லி வச்சிட்டேன்."

தளவாய் சுவரைப் பார்த்தான். "அம்மா கொஞ்சம் யோசிக்கணும்ங்காவ."

"ஒனக்கு வயசு நாப்பத்தொண்ணு. நேத்துவரைக்கும் அம்மாவக் கேக்கணும்னு சட்டம் இருந்துது. இன்னைக்கு யாரக் கேக்கணும்?"

"அதுக்கில்ல வடிவு. நாளைக்கு நமக்குப் பிள்ள பொறந்தா... கேப்பாங்கல்லா. அம்மா தேறுனவங்களா, விடுபட்டவங்களான்னு."

விடுபட்டவர்கள். அந்த வார்த்தை வந்து நாலு நாள்கூட ஆகவில்லை. சட்டத்தில் எங்கும் இல்லை. யார் முதலில் சொன்னார்கள் என்றும் தெரியாது. விடுதலை பெற்றவர்கள் என்று மன்றம் சொன்னதைத்தான் ஊர் அப்படிச் சுருக்கிக்கொண்டது.

"கேப்பாங்க," என்றாள் வடிவு. "நீ என்ன சொல்லுவ?"

அவன் யோசித்தான். நேர்மையான பதிலைச் சொல்ல வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினான். "நீயும் அன்னைக்கு எழுதியிருக்கலாம்," என்றான்.

வடிவு பேராச்சியிடம், "வாரேன் அத்தே," என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவு அவளுக்கும், "அம்மா, வணக்கம்," என்றது. எந்திரங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

விடுபட்டவர்களுக்கு எல்லா வேலைக்கும் உரிமை இருந்தது. ஆனால் எங்கே போனாலும், "எழுதித் தேறுனீங்களா, இல்ல...?" என்று பாதியில் நிறுத்தினார்கள். மீதியை வேலை தேடிப் போனவர்களே புரிந்துகொண்டு எழுந்து வந்தார்கள். பனிச்சுரங்கத்தில் மட்டும் யாரும் அப்படிக் கேட்கவில்லை. வடிவு அங்கே போனாள். கூட வேலை செய்த சங்கிலிபூதத்தான் என்பவனைக் கட்டிக்கொண்டாள். ஒரு பெண்குழந்தை பிறந்தது. நாச்சியார் என்று பெயர் வைத்தார்கள். குழந்தை தவழ்வதற்குள் சுரங்கத்தின் காற்றழுத்தத்தைத் தாங்கும் சுவர் ஒன்று வெடித்து சங்கிலிபூதத்தானும் இன்னும் சிலரும் போய்விட்டார்கள். பெரியவர்களுக்கான நீளமான பேழையில்தான் வைத்தார்கள். அந்த மரியாதை கிடைத்தது.

தளவாய் காற்று ஆலையில் மேலாளர் ஆனான். செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, எந்திரங்கள் செய்துகொண்டன. மீனலோசனியைக் கல்யாணம் செய்துகொண்டான். அவர்களுக்கும் ஒரு பெண்குழந்தை, தேமொழி.

தேர்வு ஒழிந்த பொருநையில் பெற்றோர்களுக்குப் புதிதாக ஒரு பயம் வந்திருந்தது. எல்லாப் பிள்ளைகளும் பதினேழு வயதில் வரிசையாக வெளியே வந்துவிட்டால், நம் பிள்ளையை எப்படி அடையாளம் காண்பது? வெளியே போகும் வழியில் சல்லடை இல்லையென்றால் உள்ளே வரும் வழியில் வைத்துவிடலாம் என்று யாருக்கோ தோன்றியது. மழலைப் பள்ளியில் சேர மூன்று வயதில் நுழைவுத் தேர்வு வைத்தார்கள். தேறினால் மேல்தளப் பள்ளி. தேறாவிட்டால் சுரங்கத்து வாயிலருகே இருந்த கீழ்ப்பள்ளி. இது அரசுத் தேர்வு அல்ல. பெற்றோர் சங்கம் நடத்தியது. அதனால் மன்றத்தின் அனுமதி தேவைப்படவில்லை. சங்கத்தின் தலைவராகக் கடைசியாகத் தேறியவரைத் தவிர வேறு யாரை வைக்க முடியும்?

வடிவு தன் மகளைக் கூட்டிக்கொண்டு அந்த அறைக்குள் வந்தபோது தளவாய் மேசைக்குப் பின்னால் இருந்தான். அவள் வலக்கையின் இரண்டு விரல்களைப் பனி தின்றிருந்தது. அவள் உட்காரும்வரை அவன் அந்தக் கையையே பார்த்தான்.

குழந்தையின் உள்துணையை அணைத்துவிட்டுக் கேள்வி கேட்டார்கள். நாச்சியார் நிறங்களைச் சொன்னாள். இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணினாள். கேட்காமலேயே ஒரு பாட்டையும் பாடிக் காட்டினாள். அந்த வருடம் வந்த குழந்தைகளில் யாரும் அவள் அருகில்கூட வரவில்லை. பக்கத்தில் இருந்த உறுப்பினர்கள் தளவாயின் முகத்தைப் பார்த்தார்கள்.

"கெட்டிக்காரி," என்றான் தளவாய். மனதாரச் சொன்னான். "ஆனா வடிவு, மேல்தளப் பள்ளியில தேறுனவங்க பிள்ளைகளுக்குத்தான் முதல் எடம். அவுக போக மிச்சம் இருந்தாத்தான்..."

"மிச்சம் இருக்கா?"

"இல்ல."

"எந்தச் சட்டத்துல இருக்கு இது?"

"சட்டம் கேக்கல. பெத்தவங்க கேக்காங்க."

நாச்சியார் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்து, "நான் தப்பாச் சொல்லிட்டேனாம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல தாயி. எல்லாம் சரியாச் சொன்ன." வடிவு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "அப்படின்னா அந்தப் பரீட்சையத் திருப்பி வைங்க. நான் எழுதுதேன். கை நடுங்குனாலும் சரி, செத்துப்போனாலும் சரி, உள்ள உக்காந்து எழுதுதேன். தேறிக் காட்டுதேன்."

தளவாய் அடுத்த குழந்தையை உள்ளே அழைத்தான். அவள்மேல் தனக்கு வந்தது பரிதாபம் என்று முதலில் நினைத்தான். வீட்டுக்குப் போகும் வழியில்தான் அது பயம் என்று தெரிந்தது. அவள் எழுதினால் தேறுவாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எழுதுவார்கள். அப்புறம் கடைசியாகத் தேறியவன் என்று அவனை யார் சொல்லப்போகிறார்கள்?

வடிவு மன்றத்துக்கு மனுக் கொடுத்தாள். இப்போது அவள் பெரியவள். யார் சம்மதமும் வேண்டாம். தேர்வை ஒழிக்கச் சொன்னவளே திரும்ப வைக்கச் சொல்கிறாள் என்று கேள்விப்பட்டு அரங்கம் நிரம்பிவிட்டது. அவள் சுருக்கமாகப் பேசினாள்.

"நான் அன்னைக்குக் கேட்டது தப்பு. கதவ ஒடைங்கன்னு கேட்டேன். ஒடைச்சீங்க. இப்போ சொவரு மட்டும் நிக்கிது. கதவு இருந்தப்போ தட்டவாவது ஒரு எடம் இருந்துது. அதத் திருப்பிக் குடுங்க. எழுத விரும்புதவங்க எழுதட்டும். அவ்வளவுதான் கேக்கேன்."

பின்வரிசைகளில் சுரங்கத்து உடையோடு நின்றவர்கள் கைதட்டினார்கள். முன்வரிசைகளில் ஒரு கைகூட அசையவில்லை. ஆறுமுகநயினார், "நம்ம தளவாய் ஐயா என்ன சொல்லுதாவ?" என்றார்.

தளவாய் எழுந்தான். மன்றத்தில் அவன் பேசுவது அதுதான் முதல் முறை.

"அந்தப் பரீட்சைய எழுதி எழுதித் தோத்தவன் நான். அதோட கொடுமை எனக்குத் தெரியும். நாப்பத்தொரு வயசுல எங்கம்மா எனக்குத் தலை வாரிவிட்டா. சிவனணைந்தான் ஐயாவோட கால மடக்குனது இந்தக் கையிதான்." கையை உயர்த்திக் காட்டினான். கண்ணில் நீர் முட்டியது, அதில் நடிப்பில்லை. "அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. யாருக்கு என்ன தெரியும்னு அந்தப் பரீட்சை பாக்கல. மனுசன மனுசன் கீழ வைக்கிறதுக்குன்னே இருந்துது அது. எத்தனையோ பேரு கஷ்டப்பட்டு அத ஒழிச்சோம். இன்னொரு தலைமுறைய அந்த அறைக்குள்ள தள்ள நான் உசுரோட இருக்கும்வரை விட மாட்டேன்."

அரங்கம் எழுந்து நின்றது. மீனலோசனியின் அம்மா விசும்பி அழுதாள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. மனு தள்ளுபடி செய்யப்பட்டது. மனித மதிப்பைக் குலைக்கும் எந்தத் தேர்வும் பொருநை மண்ணில் இனி இல்லை என்று ஒரு தீர்மானமும் கூடவே நிறைவேறியது. மழலை நுழைவுத் தேர்வு சங்கத்தின் தனிப்பட்ட காரியம் என்பதால் அதை யாரும் அந்தத் தீர்மானத்தோடு சேர்த்து நினைக்கவில்லை.

கூட்டம் கலையும்போது வடிவு அவன் அருகில் வந்தாள். அவள் திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

"நல்லாப் பேசுன," என்றாள். வேறெதுவும் சொல்லாமல் சுரங்கத்துக்கு இறங்கும் மின்தூக்கிப் பக்கம் போனாள். அவளுக்கு மதிய வேலை.

வீட்டில் தேமொழி தரையில் வண்ண அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடுத்த மாதம் நுழைவுத் தேர்வு. காலையில் பூக்கள், மதியம் விலங்குகள், சாயங்காலம் வடிவங்கள் என்று மீனலோசனி பிரித்துப் பிரித்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். மன்றக் கூட்டத்தைக் குழந்தையும் சுவர்த்திரையில் பார்த்திருந்தாள். அப்பாவைக் கண்டதும் அட்டைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, ஒங்களுக்கு எத்தன மார்க் போட்டாவ?"

தளவாய் சிரித்துவிட்டான். குழந்தையைத் தூக்கிக்கொண்டான். "நூத்துக்கு நூறு."

"அந்த மஞ்சச் சட்ட அத்தைக்கு?"

வடிவு மஞ்சள் சட்டையில் வந்திருந்ததை அவன் கவனிக்கவே இல்லை. கொஞ்சம் யோசித்தான்.

"அந்த அத்தை ஆப்சென்ட்டு."

தேமொழி நெற்றியைச் சுருக்கி, அம்மா சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அப்போ ஃபெயிலு!" என்று கூவிக் கைதட்டினாள்.

சரியான விடை என்பதால் தளவாயும் கைதட்டினான்.